இரண்டு முறை ஒடிந்த இறக்கை

மதுரைக்குக் கிழக்கே தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய். காலை ஆறரை மணி, காற்று அசையவில்லை. வீட்டில் செய்த எங்கள் ரேடியோ கன்ட்ரோல் விமானம் ஏழாவது தடவையாக மேலே போனது. ரிமோட் என் அண்ணன் மகன் கையில் இருந்தது. 50 மீட்டர் உயரத்தில் மூக்கைக் கவிழ்த்து வேகமாக இறக்கினான். தரைக்கு 20 மீட்டர் இருக்கும்போது எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை, இழுத்தான். படக்கென்று ஒரு சத்தம். இரண்டு இறக்கைகளும் கும்பிடும் கைகள் போல மேலே மடங்கிச் சேர்ந்தன. "சித்தப்பா, ரெக்கை மடங்கிருச்சு!" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் மோட்டார் மண்ணில் இறங்கிவிட்டது.

அந்த விமானத்துக்கு மொத்தம் மூன்று இறக்கைகள் செய்தோம். முதல் இரண்டும் ஆகாயத்தில் ஒடிந்தன. மூன்றாவது இன்னும் பறக்கிறது. மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தெர்மாகோல். வலுவை இறக்கையின் எந்த இடத்தில் வைத்தோம் என்பதுதான் மாறியது. ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பிப் பார்த்ததால்தான் அந்த இடம் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் அளவுகள். இறக்கையின் மொத்த நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. வெட்டுமுகம் கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவம். அதன் தடிமன் அகலத்தில் 11.7 சதவீதம், எங்கள் இறக்கையில் சுமார் 23 மி.மீ. கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியுள்ள சாதாரணத் தெர்மாகோல் பாளத்தை, சன்மைக்காவில் வெட்டிய அச்சுகளை இருபுறமும் குத்தி, சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்தோம். வெறும் தெர்மாகோல் 60 கிராம்கூட வரவில்லை. மேலே ஒட்டிய பேக்கிங் டேப், இரண்டு 9 கிராம் சர்வோ (பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்), ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) கம்பிகள், வயர்கள் எல்லாம் சேர்த்து 150 கிராம். பேட்டரியோடு முழு விமானம் 1 கிலோ. இறக்கையை உடலின் மேல் ரப்பர் பேண்டால் கட்டுகிறோம்.

முதல் இறக்கைக்கு பேக்கிங் டேப்பைத் தவிர வேறு பலம் எதுவும் இல்லை. கையில் பிடித்து அழுத்தினால் கெட்டியாக இருந்தது. ஆறு தடவை பறந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐந்தாவது தடவை இறங்கியதும், நடுப்பகுதியின் மேல்பக்க டேப்பில் முடி மாதிரி மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தன. கட்டைவிரலால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு மறுபடியும் பறக்கவிட்டோம். அந்தச் சுருக்கம் இறக்கை கொடுத்த எச்சரிக்கை. இன்றைக்கு அதைப் பார்த்தால் அன்றைய பறத்தலை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

ஒடிந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அடிப்பக்க டேப் அறுபடவே இல்லை. இழுபட்டு வெளுத்திருந்தது, அவ்வளவுதான். மேல்பக்கத்தில்தான் தெர்மாகோல் மணிகள் நசுங்கிப் பளபளத்தன, ஒரு கோடு போட்டது போல. அதாவது இறக்கை கீழே கிழியவில்லை, மேலே நசுங்கியிருக்கிறது. காற்று இறக்கையைத் தூக்கும்போது நுனிகள் மேலே வளைகின்றன. அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் அமுங்குகிறது. டேப் கயிற்றைப் போன்றது. இழுத்தால் தாங்கும், அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும். அடியில் இருந்த டேப் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மேலே இருந்த டேப்பால் எதுவும் செய்ய முடியவில்லை, முழுச் சுமையும் தெர்மாகோல் மேல் விழுந்தது.

எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கவிழ்ந்து இறங்கிய விமானத்தின் வேகம் நொடிக்கு சுமார் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதை நிமிர்த்தினால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க 40 கிடைக்கிறது. புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு. ஏற்கெனவே உள்ள ஒரு மடங்கையும் சேர்த்தால் ஐந்து மடங்கு, அதாவது 5 ஜி. 1 கிலோ விமானம் அந்த நொடியில் 5 கிலோ. இறக்கையின் சொந்த எடையை அந்தந்த இடத்துக் காற்றே தாங்கிவிடுவதால் அதைக் கழித்துவிடலாம். மீதி 850 கிராமின் ஐந்து மடங்கு, அதாவது 4.25 கிலோ, இறக்கையை வளைக்கிறது. நடுவில் வரும் வளைவு விசை சுமார் 6 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் குச்சியின் நுனியில் 600 கிராமைத் தொங்கவிட்டு, மறுநுனியைக் கையில் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு படும் பாடுதான் அது.

அந்த விசையைத் தெர்மாகோல் தனியாகத் தாங்கவேண்டுமென்றால் அதன் மேற்பரப்பில் 700 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் வருகிறது. இந்த அடர்த்தித் தெர்மாகோல் 200 அளவிலேயே உடைந்துவிடும். நேராகப் பறக்கும்போது வருவது 150 அளவுதான். ஆறு தடவை தப்பித்ததன் காரணம் அது. 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் ஒரு திருப்பம் திரும்பினாலே சுமை 2 ஜி ஆகிவிடும். டேப் கொஞ்சம் உதவியதால் அதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது.

சரி, பலம் போதவில்லை, கார்பன் குழாய் வைப்போம் என்று இரண்டாவது இறக்கையைச் செய்தோம். வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 60 செ.மீ. அடிப்பக்கத்தில் பள்ளம் வெட்டி, குழாயைத் தடிமனின் நடுவில் பதித்து, பசைத் துப்பாக்கியால் சூடான பசை விட்டு மூடினோம். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதைத்தான். பதினான்கு தடவை நன்றாகப் பறந்தது. வளைவுகளில் இறக்கை வில் மாதிரி மேலே வளைவது தரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது.

பதினைந்தாவது தடவை, ஒரு லூப்பின் (செங்குத்தாகப் போடும் வட்டத்தின்) அடியில் வலப்பக்க இறக்கை ஒடிந்தது. இந்த முறை நடுவில் இல்லை, நடுவிலிருந்து சரியாக 30 செ.மீ. தள்ளி. குழாய் முடிகிற இடம் அதுதான். குழாய்க்குக் கீறல்கூட இல்லை, துண்டிலிருந்து குச்சி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்த கோடு குழாயின் முனையில் தொடங்கி, பக்கத்திலேயே வெட்டியிருந்த சர்வோ குழியின் மூலை வரை நேராக ஓடியது. குழாயை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக வந்துவிட்டது. சூடான பசை அங்கங்கே கட்டியாகத்தான் பிடித்திருந்தது. மற்ற இடங்களில் தெர்மாகோலை உருக்கிக் குழாயைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்கியிருந்தது. ஆக, இந்த இறக்கையில் குழாயும் தெர்மாகோலும் ஒன்றாக வேலை செய்யவே இல்லை.

ஒடியாத இடப்பக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதையே சோதித்துப் பார்க்கலாம் என்றான் அண்ணன் மகன். இந்த ஆய்வில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெளிச்சம் அவன் சொன்ன அந்த யோசனைதான். குழாயைப் பழையபடி செருகி, நடுப்பகுதியை மேசை விளிம்பில் பலகை வைத்து இறுக்கி, இறக்கையைத் தலைகீழாக நீட்டிவிட்டு, மேலே 200 கிராம் மணல் பைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினோம். 5 ஜி என்றால் ஒரு பக்கத்துக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கவேண்டும். ஒன்பதாவது பை வைத்தபோது, அதாவது 1.8 கிலோவில், நுனி 7 செ.மீ. தாழ்ந்து, அதே 30 செ.மீ.யில் ஒடிந்தது. கணக்கும் இதையே சொல்கிறது. நடுவில் 6 என்றால் பாதித் தூரத்தில் அதில் கால்பங்கு, 1.5 நியூட்டன் மீட்டர். குழாய் இல்லாத அந்த இடத்தில் தெர்மாகோல் மேல் வரும் அழுத்தம் 200 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. போதாததற்குக் கெட்டியான குழாய் சட்டென்று முடிவதால் வளைவு முழுவதும் அந்தக் கோட்டில் குவிகிறது. பக்கத்தில் குழியும் வெட்டியிருந்தோம்.

இனிக் குழாயை நீளமாக வைப்பதா, இன்னும் தடியாக வைப்பதா என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம். விடை கொல்லையில் இருந்தது. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே முழுக்கக் காற்றறைகள். நார் எங்கே இருக்கிறது? நல்ல நார் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. நடுவில் ஒரு தடிக்கம்பு வைத்து வாழை நிற்பதில்லை. பலத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவைக் காலியாக விட்டிருக்கிறது.

ஒரு பொருள் வளைவை எதிர்ப்பது, அது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பு. பரப்பைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மி.மீ. கணக்கில் இந்த எதிர்ப்புக்கு ஒரு மதிப்புப் போடலாம். நடுவில் வைத்த எங்கள் குழாயின் மதிப்பு 51. அதே கார்பனில் 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள இரண்டு தட்டைப் பட்டைகளை ஒன்று மேல்பரப்பிலும் ஒன்று அடிப்பரப்பிலும் வைத்தால், ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 11 மி.மீ. தள்ளி இருக்கும். மதிப்பு 726. பதினான்கு மடங்கு! எடையைப் பார்த்தால் 60 செ.மீ. குழாய் 14 கிராமுக்கு மேல், 90 செ.மீ. நீளப் பட்டைகள் இரண்டும் சேர்ந்து சுமார் 8 கிராம். இந்தக் கணக்கை முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

6 நியூட்டன் மீட்டரை 22 மி.மீ. இடைவெளியால் வகுத்தால், மேல் பட்டையை சுமார் 28 கிலோ விசை அமுக்குகிறது, அடிப்பட்டையை அதே 28 கிலோ இழுக்கிறது. கார்பனுக்கு இது சாதாரணம். அப்புறம் தெர்மாகோலுக்கு என்ன வேலை? இரண்டு பட்டைகளும் நெருங்காமலும், ஒன்றின் மேல் ஒன்று நழுவாமலும், மேல் பட்டை நெளிந்து வெளியே பிதுங்காமலும் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்த வேலையில் அதற்கு வரும் அழுத்தம் பத்து கிலோபாஸ்கலைக்கூடத் தொடாது. தாராளமாகத் தாங்கும். மனிதரைச் சுமக்கும் விமானத்திலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வேரி ஈஸி 1975இல் முதலில் பறந்தது. வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி அமைந்த அந்த விமானத்தின் இறக்கைக்குள்ளும் சூடான கம்பியால் அறுத்த ஃபோம்தான். பலமெல்லாம் அதன் மேல் எபாக்ஸியில் ஊறிய கண்ணாடி இழையில்.

மூன்றாவது இறக்கையை அவசரப்படாமல் செய்தோம். முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ.யில், தடிமன் அதிகமாக உள்ள இடத்தில், மேலும் கீழும் கோடு போட்டோம். இரும்பு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு புதுப் பிளேடால் இரண்டு கீறல், நடுவில் உள்ள தெர்மாகோலை மெதுவாக உரித்தால் 1 மி.மீ. ஆழப் பள்ளம். பட்டைகளை 120ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்தோம். பளபளப்போடு ஒட்டினால் பசை பிடிக்காது. கார்பன் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் போகக்கூடாது. ஈரத்துணி வைத்துக்கொண்டு முகக்கவசத்தோடு செய்யவேண்டும்.

பசை விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சட்டென்று ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபோமுக்கென்றே வரும் வகை மட்டும்தான் ஆகும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை நல்ல பசைதான், ஆனால் இரண்டு பக்கமும் காற்றுப் புகாத இடத்தில் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். நாங்கள் எடுத்துக்கொண்டது மெதுவாக இறுகும் எபாக்ஸி. பள்ளம் முழுவதும் இடைவெளி விடாமல் தடவி, பட்டையைப் பதித்து, மேலே டேப் ஒட்டினோம். கம்பியால் அறுக்கும்போது மிஞ்சிய மேல் கீழ்ப் பாளங்களைத் தூக்கி எறியவேண்டாம். இறக்கை அவற்றுக்குள் அச்சாகப் பொருந்தும். அவற்றுக்கு நடுவே இறக்கையை வைத்து, மேலே பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி ஓர் இரவு விட்டோம். காலையில் எடுத்தபோது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

இரண்டாவது இறக்கை கற்றுக்கொடுத்ததைப் பட்டைகளின் முனைகளில் காட்டினோம். மேல் பட்டை 90 செ.மீ., அடிப்பட்டை 82 செ.மீ. இரண்டும் ஒரே கோட்டில் முடியவில்லை. ஒவ்வொரு முனையிலும் கடைசி 4 செ.மீ.யைக் கூராகச் சீவினோம், பலம் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும் என்று. அதற்கு மேல் இழை ஓடும் ஃபைபர் டேப்பை 110 செ.மீ. வரை இழுத்துவிட்டோம். சர்வோ குழியைப் பட்டைக்குப் பின்னால், நடுவிலிருந்து 22 செ.மீ.க்குக் கொண்டுவந்து, மூலைகளை வட்டமாக வெட்டினோம். ரப்பர் பேண்ட் அழுத்தும் விளிம்புகளில் ஐஸ் குச்சிகளை ஒட்டினோம், இல்லையென்றால் பேண்ட் தெர்மாகோலை வெட்டிக்கொண்டு உள்ளே போகும்.

இந்தப் பட்டைகள் வளைவைத்தான் தடுக்கும், முறுக்கத்தைத் தடுக்காது. ஒட்டி முடித்த இறக்கையின் இரண்டு நுனிகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகினேன், திரும்பியது. வேகத்தில் இப்படித் திரும்பினால் ஐலரான் படபடவென்று அடிக்கத் தொடங்கும், அது இறக்கையையே பிய்த்துவிடும். முறுக்கத்தைத் தாங்குவது தோல். அதனால் பேக்கிங் டேப்பை 45 பாகைச் சாய்வில், மேலும் கீழும், ஒரு தடவை இந்தப் பக்கமாகவும் ஒரு தடவை அந்தப் பக்கமாகவும் பின்னல் போல ஒட்டினோம். திருகிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. வெள்ளை அல்லது தெளிவான டேப்பாக எடுங்கள். கறுப்பு டேப் ஒட்டிய வால் ஒன்று, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்து முறுக்கிக்கொண்டது. தெர்மாகோல் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே இளகிவிடும் பொருள்.

பறப்பதற்கு முன் மணல் சோதனை. இறக்கையைத் தலைகீழாக்கி, நடுவில் உடல் உட்காரும் 8 செ.மீ. அகலத்துக்கு மட்டும் மடித்த துண்டு வைத்துத் தாங்கல் கொடுத்தோம். 5 ஜிக்கு 4.25 கிலோ. தலைகீழாக இருக்கும்போது இறக்கையின் 150 கிராமும் அதே திசையில் அழுத்துவதால் அதைக் கழித்து, ஏறத்தாழ 4 கிலோ, இருபது மணல் பைகள். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி, நடுவில் நெருக்கமாகவும் நுனியில் இடைவெளி விட்டும் வைத்தோம். இருபதாவது பைக்கு நுனி 17 மி.மீ. தாழ்ந்தது. இரண்டு நிமிடம் விட்டுப் பைகளை எடுத்தோம். பழைய இடத்துக்கே திரும்பியது. மேல் டேப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதே கண்மாய், அதே நேரம். முதல் மூன்று தடவை மெதுவான வட்டங்கள் மட்டும். இறங்கியதும் ஒவ்வொரு தடவையும் நடுப்பகுதியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். நான்காவது தடவை, 50 மீட்டரிலிருந்து அதே கவிழ்ப்பு. அவன் இழுத்தபோது நான் மூச்சுவிடவில்லை. இறக்கை வளைந்ததாகவே தெரியவில்லை, விமானம் நிமிர்ந்து மேலே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு 30 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது.

கார்பன் பட்டை கிடைக்காதவர்களுக்கு மூங்கில் இருக்கிறது. அடுத்து செய்த சிறிய கிளைடருக்கு, கூடை முடைபவர் ஒருவரிடம் கணு இல்லாத பட்டை வாங்கி, 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனுக்குச் சீவி, இதே முறையில் மேலும் கீழும் பதித்தோம். மூங்கிலிலும் நார் வெளித்தோல் பக்கம்தான் நெருக்கம், அதனால் பச்சைத் தோல் உள்ள பக்கம் வெளியே பார்க்கவேண்டும், உட்பக்கத்தைத்தான் சீவிக் குறைக்கவேண்டும். இவ்வளவு தடியாக வைத்தும் எங்கள் கார்பன் பட்டையின் விறைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் கிளைடருக்கு அதுவே அதிகம்.

போன மாதம் மூன்றாவது இறக்கை ஒரு சீமைக் கருவேல மரத்தில் மோதியது. முன்விளிம்பில் ஒரு பள்ளம் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் மேல் பட்டையின் நெடுக நகத்தால் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம் வரும். இடப்பக்கம் 7 செ.மீ. தூரத்துக்கு மட்டும் பொள்ளலாகக் கேட்டது. டேப்பைக் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சால் எபாக்ஸி செலுத்தி, மறுபடியும் டைரக்டரிகளை அடுக்கினோம். மறுநாள் இருபது பைகள் வைத்தபோது நுனி 18 மி.மீ. தாழ்ந்தது, முன்பைவிட 1 மி.மீ. அதிகம். அந்த எண்ணையும் தேதியையும் அண்ணன் மகன் இறக்கையின் அடியில், பழைய 17க்குக் கீழே, மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறான். 20 மி.மீ.யைத் தாண்டினால் புது இறக்கை என்று முடிவு செய்திருக்கிறோம்.